டேக் பழகுவது எப்படி? கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ கொழும்புக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஆங்கிலத்தின் பெரிய சொற்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் வீண். பெரிய சொல்லுக்கு அநேகமாக ஒரு பொருள்தான் இருக்கும். ஒருமுறை அகராதியைப் பார்த்தால் கதை முடிந்தது. ஆளைத் திணற வைப்பவை கெட், புட், மேக், டேக் போன்ற சின்னச் சொற்கள். மூன்றாம் வகுப்பிலேயே படித்த சொற்கள்தான், ஆனால் ஒஃபிஸில் ஒருவர் அவற்றை வைத்து வேகமாக நாலு வசனம் பேசினால் பாதி காதில் நிற்காது.

இங்கே டேக் ஒன்றை மட்டும் பார்ப்போம். அதைத் தேர்ந்ததற்குக் காரணம், நம்மிடம் எடு இருக்கிறது. இலங்கைத் தமிழில் எடு என்பது எவ்வளவு தூரம் நீளும் என்று யோசித்துப் பாருங்கள்: படம் எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், மருந்து எடுக்கிறோம், சோதனை எடுக்கிறோம். டேக்கும் இதே வழியாகத்தான் போகிறது. ஆகவே பட்டியல் போட்டுப் பாடமாக்க வேண்டியதில்லை. எடு எங்கே வரை கூட வரும், எங்கே விட்டுவிட்டுப் போகும் என்று தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

மூன்று வடிவங்கள்: டேக், டுக், டேக்கன். இன்று நடப்பதற்கு டேக், நேற்று நடந்ததற்கு டுக், ‘ஹேவ்’, ‘வாஸ்’ போன்றவற்றுக்குப் பின்னால் டேக்கன். ‘டேக்ட்’ என்று ஒரு சொல் கிடையாது. டுக் குறில், ‘டூக்’ என்று இழுக்க வேண்டாம்.

உச்சரிப்பில் வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆங்கிலத்தின் ‘டி’ ஒலி நம்முடைய ட் போல நாக்கை மடித்துச் சொல்வதல்ல, மேல்பல்லின் பின்னால் உள்ள ஈறில் நுனிநாக்கு தொட வேண்டும். யாழ்ப்பாணத்தார் ‘வெற்றி’, ‘காற்று’ என்று சொல்லும்போது நாக்கு தொடுவது ஏறத்தாழ அதே இடத்தைத்தான். அந்த ற்ற-வை வைத்துக்கொண்டு கொஞ்சம் காற்றையும் சேர்த்து விட்டால் சரியான ஒலி வந்துவிடும். அதற்குப் பின்னால் வருவது தட்டையான ஏ அல்ல, ‘எய்’ என்று முடியும் ஒலி. இதற்கு மேல் உச்சரிப்பில் மினக்கெட வேண்டாம், கொழும்பில் யாரும் உங்களை அதற்காக நிறுத்தி வைத்துக் கேட்கப் போவதில்லை.

எடு கூடவே வரும் இடங்கள்

பயணத்தில் தொடங்குவோம், அதுதான் முதல் நாளே வரும். வெள்ளவத்தையில் தங்கியிருந்து கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவரிடம் ‘டேக் த ஹண்ட்ரட்’ என்று சொன்னால், பாணந்துறையிலிருந்து காலி வீதி வழியாகப் புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடி என்று பொருள். மொரட்டுவையிலிருந்து வரும் 101 என்றாலும் சரிதான். ஓட்டோ, ரயில் எல்லாவற்றுக்கும் இப்படியே சொல்லலாம். ‘டேக் எ லெஃப்ட்’ என்றால் இடப்பக்கம் திரும்பு. ஏறுவதற்கு மட்டும் டேக் கிடையாது, அது ‘கெட் ஒன்’.

‘எவ்வளவு நேரம் எடுக்கும்?’ என்று நாம் கேட்பதும் டேக்தான். தமிழ்நாட்டில் ‘எவ்வளவு நேரம் ஆகும்’ என்பார்கள். நாம் ‘எடுக்கும்’ என்றே சொல்வதால் நமக்கு இது இன்னும் சுலபம். ஆனால் வசனத்தை அமைக்கும்போது ஒரு சின்னக் கவனம் வேண்டும். மழையில் காலி வீதி அடைபட்டு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தவர் ‘ஐ டுக் அன் அவர்’ என்று சொன்னால், ஆறுதலாக ஒரு மணித்தியாலம் எடுத்து வந்தேன் என்பதுபோல் கேட்கும். ‘இட் டுக் மீ அன் அவர்’ என்று சொல்லுங்கள். பயணம் என்னிடமிருந்து ஒரு மணித்தியாலத்தை எடுத்துக்கொண்டது என்று ஆகிவிடும். பழி வீதிக்குப் போய்விடும். நேரத்தைப் பற்றிப் பேசும்போது ‘இட்’ முன்னால் நிற்பதுதான் வழக்கம்.

லீவு. ‘டேக் லீவ்’, ‘டேக் எ டே ஓஃப்’ இரண்டும் சரி. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வரும் வேலை என்றால் முழு வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கெஷுவல் லீவும் உண்டு. முதல் வருடத்தில் கணக்கு வேறு. வருடாந்த லீவு அடுத்த வருடத்திலிருந்துதான் வரும். ‘ஹவ் மெனி டேய்ஸ் ஹேவ் யூ டேக்கன்?’ என்று மனிதவளப் பிரிவில் கேட்டால், இதுவரை எத்தனை நாள் எடுத்துவிட்டீர்கள் என்று கேட்கிறார்கள். மிச்சம் எத்தனை என்று அல்ல.

மருந்துக்கும் டேக்தான். ஆங்கிலத்தில் மாத்திரையை ‘ஈட்’ பண்ணுவதில்லை, பாணி மருந்தை ‘டிரிங்க்’ பண்ணுவதும் அரிது. வைத்தியர் ‘ஆர் யூ டேக்கிங் எனிதிங்?’ என்று கேட்டால், கையில் ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்கவில்லை, ஏற்கனவே வேறு மருந்து பாவிக்கிறீர்களா என்று கேட்கிறார். சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மருந்து எடுப்பவர்கள் இந்த இடத்தில் ‘நோ’ சொல்லிவிடக் கூடாது. மருந்துச் சிட்டையில் பி.டி. என்று இருந்தால் நாளுக்கு இரண்டு தடவை, டி.டி.எஸ். என்று இருந்தால் மூன்று தடவை. அந்த டி.டி.எஸ். ஒரு லத்தீன் தொடரின் சுருக்கம். கடைசி எழுத்து நிற்பதே ‘எடுக்கப்பட வேண்டியது’ என்ற சொல்லுக்குத்தான். மருந்தை எடுப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல என்று தெரிகிறது.

இரத்தம் எடுப்பது, பிரஷர் பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது மூன்றையும் தாதி டேக்காலேயே சொல்வார். முதலாவதில் எடு வருகிறது, மற்ற இரண்டிலும் நமக்குப் பார் வருகிறது. எல்லை எங்கே நகர்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எடுவை நம்பி மோசம் போகும் இடங்கள்

தமிழில் எடு வருவதால் ஆங்கிலத்திலும் டேக் போட்டுவிடுவதுதான் புதிதாக வருகிறவர்களின் பெரிய தொல்லை. 85 மார்க்ஸ் எடுத்தேன் என்பதற்கு ‘கொட்’ சொல்ல வேண்டும், ‘டுக்’ அல்ல. சம்பளம் எடுத்தேன் என்பதும் அப்படியே. ‘ஐ டுக் மை செலரி’ என்றால் யாரோ வைத்திருந்ததைப் போய்த் தூக்கிக்கொண்டு வந்ததுபோல் இருக்கும். பசி எடுக்கிறது, வாந்தி எடுத்தான், நல்ல பெயர் எடுத்தாள், இந்த மூன்றிலும் டேக்குக்கு இடமே இல்லை. அறை வாடகைக்கு எடுப்பது ‘ரென்ட்’. ஏ.டி.எம்.மில் காசு எடுப்பது ‘வித்ட்ரோ’. பேச்சில் ‘டேக் அவுட்’ என்றும் சொல்லலாம், வெறும் டேக் போதாது.

கொண்டு வா, கொண்டு போ இரண்டும் தனிக் கதை. நமக்கு இதில் குழப்பம் வரவே கூடாது, ஏனென்றால் தமிழில் திசை தெளிவாக இருக்கிறது. பேசுகிறவர் பக்கமோ கேட்கிறவர் பக்கமோ வந்தால் கொண்டு வா, அதாவது ‘பிரிங்’. அங்கிருந்து வேறு இடத்துக்குப் போனால் கொண்டு போ, அதாவது ‘டேக்’. ஆனாலும் ‘எடுத்துக்கொண்டு வா’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘டேக் அண்ட் கம்’ என்று பேசுவது கொழும்பில் நிறையக் கேட்கும். பேச்சில் பரவாயில்லை, எல்லோருக்கும் விளங்கும். மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள். ஆளைக் கூட்டிப்போவதற்கும் டேக்தான் வரும்: அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், ‘ஐ டுக் மை மதர் டு த ஹொஸ்பிட்டல்’.

கோல் எடுப்பது

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். கொழும்பில் ஒஃபிஸ் வேலை செய்கிறவர்களிடையே டேக்கால் வரும் குழப்பங்களில் எனக்குத் தெரிந்தவரை இதுதான் பெரிது.

‘பின்னேரம் உங்களுக்குக் கோல் எடுக்கிறேன்’ என்று நாம் சொன்னால், நான் உங்களை அழைப்பேன் என்று பொருள். சிங்களத்திலும் ‘கோல் எக்கக் கன்னவா’ என்பார்கள். கன்னவா என்பதும் எடுப்பதுதான். இரண்டு மொழியும் ஒரே மாதிரி இருப்பதால் இங்குள்ள ஆங்கிலத்திலும் ‘ஐ வில் டேக் எ கோல்’ என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. கொழும்புக்குள் பேசிக்கொள்ளும்வரை பிரச்சினை இல்லை.

லண்டனிலோ சிட்னியிலோ இருக்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் அவர் நேர்மாறாக எடுத்துக்கொள்வார். அவருக்கு ‘டேக் எ கோல்’ என்றால் வருகிற அழைப்புக்குப் பதில் சொல்வது. மீட்டிங்கின் நடுவில் ஒருவர் போனைப் பார்த்துவிட்டு ‘ஐ ஹேவ் டு டேக் திஸ்’ என்று எழும்பிப் போனால், அவர் யாரையும் அழைக்கப் போகவில்லை, வந்திருக்கும் அழைப்பைப் பேசப் போகிறார். நீங்கள் நாலு மணிக்கு ‘டேக் எ கோல்’ என்று எழுதி அனுப்பினால், அவர் தானே அழைக்க வேண்டும் என்று நினைக்கலாம், அல்லது ஒன்றும் விளங்காமல் இருக்கலாம். அழைப்பதற்கு ‘கோல்’, ‘கிவ் எ கோல்’, ‘மேக் எ கோல்’ மூன்றில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். ‘ஐ வில் கோல் யூ அட் ஃபோர்’, இதைவிடச் சுருக்கமாகவும் சொல்ல முடியாது.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. சென்னை, பெங்களூர் ஆட்களோடு வேலை செய்யும் மென்பொருள் நிறுவனங்களில் ‘யூ டேக் எ கோல் ஒன் திஸ்’ என்று கேட்கும். அங்கே போனே கிடையாது. நீங்களே ஒரு முடிவெடுங்கள் என்பதுதான் அதன் பொருள். இந்திய ஆங்கிலத்தில் இது ஊறிப்போன வழக்கு. போனை எடுத்து யாரை அழைப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

எடு வராது, டேக் மட்டும் வரும் இடங்கள்

நேர்முகத் தேர்வுக்குப் போனதும் முதலில் கேட்பது ‘டேக் எ சீட்’. உட்காருங்கள். கன்டீனில் ‘இஸ் திஸ் சீட் டேக்கன்?’ என்று கேட்டால், இங்கே ஆள் இருக்கிறதா என்று பொருள். ஆள் இல்லையென்றால் ‘நோ’ சொல்ல வேண்டும். சிலர் மரியாதைக்கு ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்ட, கேட்டவர் தட்டோடு வேறு மேசைக்குப் போய்விடுவார்.

‘டூ யூ டேக் சுகர்?’ தேநீருக்குச் சீனி போடவா என்பதுதான் இது. இங்கே தமிழுக்குப் போடு தேவைப்படுகிறது. கடையில் ‘டூ யூ டேக் கார்ட்ஸ்?’ என்றால் வங்கி அட்டை ஏற்பீர்களா என்று கேட்பது.

‘டேக் கெயார்’ என்று விடைபெறும்போது சொல்கிறார்களே, அதில் எச்சரிக்கை எதுவும் இல்லை. ‘போயிட்டு வாங்க’ என்று நாம் சொல்வதற்குச் சமம். ‘ஐ வில் டேக் கெயார் ஒஃப் இட்’ என்றால் நான் பார்த்துக்கொள்கிறேன். இதை ஒரு மேலதிகாரி சொன்னால் நீங்கள் அந்த வேலையில் கை வைக்கத் தேவையில்லை. அவர் உங்களிடம் ‘கேன் யூ டேக் கெயார் ஒஃப் இட்?’ என்று கேட்டால் முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்.

‘டேக் பிளேஸ்’ நடைபெறுவது, ‘டேக் பார்ட்’ பங்குபற்றுவது. இந்த இரண்டையும் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆனால் ‘ஐ டேக் இட்’ என்று தொடங்கும் வசனம் பலரைக் குழப்பும். ‘ஐ டேக் இட் யூ ஹேவ் ஃபினிஷ்ட்’: நீங்கள் முடித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அட, நம்முடைய ‘எடுத்துக்கொள்’ இங்கே திரும்பவும் வந்துவிட்டது! தனி எடு பொருந்தாத பல இடங்களில் எடுத்துக்கொள் பொருந்தும். ‘டேக் இட் சீரியஸ்லி’, ‘டோன்ட் டேக் இட் பர்சனலி’ இரண்டையும் அப்படியே பாருங்கள். டேக்குக்குப் பொருள் பிடிபடவில்லை என்றால் முதலில் எடுவைப் பொருத்துங்கள், பிறகு எடுத்துக்கொள்ளைப் பொருத்துங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் மட்டும் அகராதி.

பின்னால் ஒட்டும் சின்னச் சொற்கள்

டேக்குக்குப் பின்னால் ஓஃப், ஒன், அப் போன்றவை ஒட்டினால் பொருள் மாறும். இவற்றைப் பாடமாக்குவதைவிட, எந்த இடத்தில் கேட்பீர்களோ அந்த இடத்தோடு சேர்த்து ஞாபகம் வைப்பது நல்லது.

‘டேக் ஓஃப்’ என்றால் கட்டுநாயக்கவில் விமானம் கிளம்புவது. கோயில் வாசலில் அதுவே சப்பாத்தைக் கழற்றுவது. ஒரு வியாபாரம் சூடு பிடித்தாலும் அதே சொல். இங்கே ஓர் இலக்கணம் இருக்கிறது, இதை மட்டும் தவறவிடாதீர்கள். ‘டேக் ஓஃப் யுவர் ஷூஸ்’ சரி, ‘டேக் யுவர் ஷூஸ் ஓஃப்’ சரி. ஆனால் ‘தெம்’, ‘இட்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘டேக் தெம் ஓஃப்’. ‘டேக் ஓஃப் தெம்’ என்பது பிழை. டேக் டவுன், டேக் அவுட், டேக் பேக் எல்லாவற்றுக்கும் இதே விதி. விதிவிலக்கு ‘டேக் ஆஃப்டர்’. அப்பாவைப் போலவே இருக்கிறான், குணத்தில் அம்மாவைக் கொண்டிருக்கிறாள் என்பதற்கு வருவது அது. அதைப் பிரிக்கவே முடியாது: ‘ஷீ டேக்ஸ் ஆஃப்டர் ஹேர்’.

தையற்கடைக்குப் போனால் இரண்டு கிடைக்கும். சட்டை தொளதொளவென்று இருந்தால் பிடித்துத் தைப்பது ‘டேக் இன்’. காற்சட்டை நீளமென்றால் கீழே மடித்துத் தைப்பது ‘டேக் அப்’. எதிர்ப்பக்கத்துக்கு ‘லெட் அவுட்’, ‘லெட் டவுன்’. வெள்ளவத்தைத் தையற்கடைகளில் தமிழிலேயே சொல்லலாம், ஆங்கிலம் தேவையில்லை. ஆனால் பெரிய துணிக்கடையில் ஒஃபிஸ் உடுப்பு வாங்கி அங்கேயே திருத்தக் கொடுத்தால் ரசீதில் இப்படித்தான் எழுதுவார்கள்.

அதே ‘டேக் இன்’ ஏமாறுவதற்கும் வரும். ‘ஐ வாஸ் டேக்கன் இன்’ என்றால் ஏமாந்துவிட்டேன். படத்தில் ஒரு அறையைக் காட்டி, முற்பணத்தை வாங்கிக்கொண்டு, நேரில் வேறொன்றைத் திறந்துவிடும் ஆட்கள் எந்த நகரத்திலும் உண்டு. நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள் என்பது ஆங்கிலத்துக்குச் சம்பந்தமில்லாத புத்திமதி, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஏமாற்றுவதற்கு ‘டேக் ஃபோர் எ ரைட்’ என்றும் சொல்வார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் ஒரு சுற்று கூட்டிப்போவது. மீட்டர் இல்லாத ஓட்டோவில் விலை பேசாமல் ஏறினால் இரண்டு பொருளும் ஒரே பயணத்தில் கிடைக்கும்.

சாப்பாட்டுக் கடையில் ‘டேக் எவே’ நமக்குப் பார்சல். அதே சொல் ஒஃபிஸில் வேறு வேலை செய்யும். அதற்குக் கீழே வருவோம்.

‘டேக் பேக்’ நம்முடைய திருப்பி எடுதான். விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று புறக்கோட்டைக் கடைகளில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுப்பதற்கும் இதே சொல்தான். ‘டேக் அவுட்’ என்பதை வங்கியில் கேட்டால் கடனோ காப்புறுதியோ பெறுவது. வீட்டில் கேட்டால் குப்பையை வெளியே வைப்பது. ஒருவர் இன்னொருவரை ‘டேக் அவுட்’ பண்ணினால் சாப்பிட அழைத்துப் போகிறார். துப்பாக்கி வைத்துப் பேசும் படங்களில் அது கொல்வது. இடம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

‘ஓவர்டேக்’ பற்றி விளக்கத் தேவையில்லை. காலி வீதியில் ஒரு பஸ்ஸில் ஏறினால் போதும். ‘டேக் ஓவர்’ அதைத் தலைகீழாக்கிய சொல்போல் தெரிந்தாலும் பொருள் வேறு, பொறுப்பைக் கையேற்பது. ‘அண்டர்டேக்கிங்’ என்று விசா விண்ணப்பத்திலோ வேலை ஒப்பந்தத்திலோ கண்டால் அது எழுத்தில் கொடுக்கும் உறுதிமொழி. வாசிக்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது. ‘அண்டர்டேக்கர்’ என்றால் உறுதிமொழி கொடுப்பவர் அல்ல, மலர்ச்சாலை நடத்துபவர். பொறளை கனத்தைப் பக்கம் போனால் அந்தத் தொழிலைப் பார்க்கலாம்.

இன்னொன்று சொல்லிவிட்டு ஒஃபிஸுக்குப் போவோம். டேக் ஆங்கிலேயரின் சொந்தச் சொல்லே அல்ல. வடகடலைத் தாண்டி வந்த வைக்கிங் ஆட்கள் கொண்டுவந்தது. அதற்கு முன் ஆங்கிலத்தில் எடுப்பதற்கு ‘நிம்’ என்ற வேறொரு சொல் இருந்தது. அது செத்துவிட்டது, ஆனால் பல் பிடுங்க ஊசி போட்டதும் வாய் விறைத்துப்போகிறதே, அந்த ‘நம்’ என்ற சொல்லில் இன்னும் மிச்சம் இருக்கிறது. உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது என்பதுதான் அதன் பழைய பொருள்.

ஒஃபிஸுக்குள்

மீட்டிங் தொடங்கும்போது புதிதாக வந்தவரைப் பார்த்து ‘குட் யூ டேக் த மினிட்ஸ்?’ என்று கேட்பார்கள். இது நேரத்தைப் பற்றியதல்ல. கூட்டக் குறிப்பை நீங்கள் எழுதுங்கள் என்கிறார்கள். எப்போதும் புதியவரிடம்தான் இந்த வேலை வரும், ஆகவே கொப்பியும் பேனையும் இல்லாமல் மீட்டிங்குக்குப் போகாதீர்கள். யார் என்ன முடிவு எடுத்தார்கள், எந்த வேலை யாருக்கு, எப்போதைக்குள், இந்த மூன்றையும் எழுதினால் போதும். ‘டேக் நோட்ஸ்’ என்றால் குறிப்பெடு. கடைசி எழுத்து இல்லாமல் ‘டேக் நோட்’ என்றால் கவனத்தில் கொள். ஒரு எழுத்து வித்தியாசம்தான். சுற்றறிக்கைகளில் வருவது இரண்டாவது.

‘டேக் த செயார்’ என்றாலும் கதிரையைத் தூக்கப் போக வேண்டாம். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதைச் சொல்கிறார்கள்.

‘லெட்ஸ் டேக் திஸ் ஓஃப்லைன்’ என்பதைக் கேட்டால் கணினியை நிறுத்தத் தேவையில்லை. இதை இங்கே எல்லோர் முன்னாலும் பேச வேண்டாம், பிறகு தனியாகப் பேசுவோம் என்பதற்கான மரியாதையான வழி அது. சில நேரம் பேச்சை முடிப்பதற்காகவே சொல்வார்கள், பிறகு யாரும் பேசவே மாட்டார்கள். உங்களுக்கு முக்கியமான விஷயம் என்றால் நீங்களே பின்னால் போய் ஞாபகப்படுத்துங்கள்.

‘டேக் இட் அப் வித் எச்.ஆர்.’ என்றால் அந்தப் பிரச்சினையை மனிதவளப் பிரிவிடம் கொண்டு போ. ‘ஐ வில் டேக் இட் ஃப்ரம் ஹியர்’ என்றால் இங்கிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன், நீ விடு. ‘டேக் ஒன்’ கொஞ்சம் சிக்கலானது. ஆளை வேலைக்குச் சேர்ப்பதற்கும் அது வரும், கூடுதல் வேலையைப் பொறுப்பேற்பதற்கும் வரும், ஒருவரோடு மோதுவதற்கும் வரும். ‘டோன்ட் டேக் ஒன் டூ மச்’ என்று பக்கத்து மேசை அக்கா சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே என்கிறார். ‘டேக் டு டாஸ்க்’ வேலை கொடுப்பதுபோல் தெரியும். இல்லை, அது ஒருவரை ஏசுவது.

டேக் பெயர்ச்சொல்லாகவும் வரும். ‘வட்ஸ் யுவர் டேக்?’ என்று உங்களைக் கேட்டால் உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறார்கள். இது வரும்போது பேசாமல் இருப்பது நல்லதல்ல, ஒரு வசனமாவது சொல்லுங்கள். பயிற்சி வகுப்பு முடிவில் ‘கீ டேக்எவேஸ்’ என்று திரையில் போட்டால் பகல் சாப்பாடு வருகிறது என்று நினைக்க வேண்டாம். கேட்டதில் மனதில் வைக்க வேண்டிய முக்கியமான விஷயங்கள் அவை. ‘இன்டேக்’ என்றால் ஒரு தடவையில் சேர்க்கும் ஆட்கள். பயிலுனர் வேலைக்கும் பட்டப்படிப்புக்கும் விளம்பரங்களில் வரும்.

இதில் காசோடு சம்பந்தப்பட்டது ‘டேக் ஹோம்’. நேர்முகத்தில் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கும்போது அடிப்படைச் சம்பளத்தைச் சொல்கிறீர்களா, கைக்கு வருவதைச் சொல்கிறீர்களா என்று தெளிவாக்குங்கள். டேக் ஹோம் என்பது கழிவுகள் போகக் கைக்கு வருவது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். நிறுவனம் தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடும். இந்த இரண்டையும் உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. சேமலாப நிதிக்குக் கணக்கில் வரும் சம்பளம் 80,000 ரூபா என்றால், வேறு கழிவு எதுவும் இல்லாதபோது, கைக்கு 73,600 வரும். ‘டேக் ஹோம் 80,000’ என்று நீங்கள் கேட்டு அவர்கள் 80,000 மொத்தம் என்று எழுதினால் மாதம் 6,400 ரூபா வித்தியாசம். கடிதத்தைக் கையில் வாங்கியதும் இதைத்தான் முதலில் பாருங்கள்.

எப்படிப் பயிற்சி செய்வது

ஒரு சின்னக் கொப்பி போதும், போனிலும் எழுதலாம். டேக் காதில் விழும்போதெல்லாம் முழு வசனத்தையும் எழுதுங்கள், சொல்லை மட்டும் எழுதாதீர்கள். பக்கத்தில் எங்கே கேட்டது என்று குறியுங்கள்: பஸ், கன்டீன், மீட்டிங். அதற்குப் பக்கத்தில் எடு, எடுத்துக்கொள் இரண்டில் எது பொருந்துகிறது என்று போடுங்கள். பொருந்தாதவற்றை மட்டும் இரவில் அகராதியில் பாருங்கள். கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்ஃபோர்டும் மாணவர்களுக்கான அகராதிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு பொருளுக்கும் உதாரண வசனம் இருக்கும், உச்சரிப்பையும் கேட்கலாம். ஆங்கிலம்-தமிழ் அகராதியைவிட இந்த வேலைக்கு அவைதான் நல்லது, ஏனென்றால் நமக்குத் தேவை தமிழ்ப் பொருள் அல்ல, அந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பது. அச்சுப் புத்தகம்தான் வசதி என்றால் விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்புப் பொது நூலகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இன்னும் கிட்ட.

கேட்டதை அடுத்த நாளே ஒரு தடவை வாயால் சொல்லிவிடுங்கள். பெரிய இடத்தில் வேண்டாம். கன்டீனில் கதிரை கேட்கும்போது, ஓட்டோக்காரரோடு திருப்பம் சொல்லும்போது. விளங்காத டேக் வந்தால் ‘சொரி, டூ யூ மீன்...’ என்று தொடங்கி உங்களுக்கு விளங்கியதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். ‘வட்?’ என்று மட்டும் கேட்டால் அவர் அதே வசனத்தைக் கொஞ்சம் சத்தமாகத் திருப்பிச் சொல்வார், வேறொன்றும் நடக்காது.

முதலில் கோல், மினிட்ஸ், கெயார், டேக் ஹோம், சுட்டுப்பெயரை நடுவில் வைக்கும் விதி, இவற்றைப் பிடியுங்கள். தையற்கடையையும் துப்பாக்கிப் படங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அகராதியில் டேக்கின் பதிவு பக்கம் பக்கமாக ஓடும். அதில் பாதியைக் கொழும்பில் யாரும் வாயில் எடுப்பதில்லை.